வயிற்றுக்குள் இருந்த சாட்சி

மஞ்சணையாற்றுக்கு முதல் தரச் சான்று கொடுத்த விழாவில், மேடையில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தலைமை விருந்தினர் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றாமல், அதையே முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசினார். "நம் ஆறு மீண்டு வந்துவிட்டது" என்று அவர் முடித்தபோது கூட்டம் கை தட்டியது. கை தட்ட வேண்டுமானால் மூக்கை விட வேண்டும் என்பதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

நான் இரண்டாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குப் பின்னால் சாயப்பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையுமாக ஆறு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கண் இருக்கிறவனுக்குத் தெரியும், மூக்கு இருக்கிறவனுக்குக் கூடுதலாகவே தெரியும். ஆனால் சட்டத்தின் முன் கண்ணும் மூக்கும் செல்லாது. சாட்சிப் பெட்டி சொன்னால்தான் செல்லும்.

அந்தப் பெட்டி எங்கள் நீர்ப்பூச்சி ஆய்வு மையம் செய்தது. நான் உமையாள், நீர்ப்பூச்சிகளை ஆராய்கிறவள். ஒரு வாளித் தண்ணீரை அந்தப் பெட்டியில் ஊற்றினால் போதும். பூச்சிகள் உதிர்த்த தோல், கழிவு, ஒடிந்த கால் எல்லாம் அந்த நீரில் கலந்து கிடக்கும். அவற்றிலிருந்து மரபணுவைப் படித்து, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பெட்டி சொல்லிவிடும். எங்கள் மலைத்தொடருக்குக் கல்லடிப்பூச்சிதான் அளவுகோல். அழுக்கை அது ஒரு பொழுதும் தாங்காது. அது நிறைய இருந்தால் முதல் தரம், இல்லவே இல்லை என்றால் கடைத் தரம்.

முன்பெல்லாம் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பட்டறைக்காரர்கள் கழிவை நிறுத்திவைப்பார்கள். ஆய்வாளருக்கும் உரியது போய்ச் சேரும். பூச்சி அப்படியில்லை, ஆண்டு முழுக்க அந்த நீரிலேயே கிடக்கிறது, அதை விலைக்கு வாங்க முடியாது என்று போராடித்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தோம். சட்டம் நிறைவேறிய அன்று மையத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான். அந்த இனிப்பெல்லாம் இப்போது தொண்டையில் கசந்தது.

விழா முடிந்து வண்டியை நோக்கி நடக்கும்போது ஒரு பெண் வழிமறித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பழைய குளிர்பான பாட்டில், அதில் பழுப்பு நிறத் தண்ணீர்.

"பூச்சி ஆபீஸ் மேடம் நீங்கதான?"

"ஆமா."

"நான் ஊத்தடி வார்டு மெம்பரு. பேரு சுருளியம்மா. எங்க ஓடை கடைத் தரம்னு ஒங்க பெட்டி சொல்லிருச்சாம். அடைக்கப் போறாக. சிமிட்டி மூடையெல்லாம் வந்து எறங்கிருச்சு. ஓடைக்குப் பதிலா இந்தா, இந்த ஆத்துத் தண்ணிய மோட்டார் வச்சு மலைக்கு ஏத்தி எங்களுக்குக் குழாய்ல விடுறாக."

"இந்தத் தண்ணியவா?"

"இதேதான். இந்தப் பாட்டில்ல இருக்குறது எங்க குழாய்ல பிடிச்சது. மொதல்ல ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க ஓடைதான் கீழ எறங்கி இந்த ஆத்துல விழுகுது. எங்க தண்ணி கீழ வந்து, நாறி, மறுபடி எங்களுக்கே மேல வருது. இது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"சுத்திகரிச்சுத்தானே அனுப்புவாங்க?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன பெட்டி சொன்ன அன்னைக்கே, முதல் தரத் தண்ணிக்கு எதுக்குச் சுத்தம்னு அந்தப் பிளான்ட்டப் பூட்டிட்டாக." அவள் பாட்டிலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "எந் தங்கச்சி முத்துக்கிளிக்கு ஏழு மாசம். கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடக்கு. ஆஸ்பத்திரில என்ன சொல்றாக தெரியுமா? தண்ணியால வந்திருக்காதாம். தண்ணி முதல் தரம்னு கம்ப்யூட்டர்லயே இருக்காம். வேற காரணம் தேடுறாகளாம்."

பாட்டிலின் அடியில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்று நெளிந்தது. சாக்கடைச் செம்புழு. வண்ணமீன் கடைகளில் மீனுக்கு இரையாக விற்பார்களே, அதுதான். கெட்ட நீரில் மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். இது குழாய் வழியே மலைக்குப் போயிருக்கிறது என்றால் அந்தக் குழாயில் வேறு என்னவெல்லாம் போயிருக்கும்!

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றேன்.

ஊத்தடிக்கு ஜீப் போகும் வரை போய், அப்புறம் ஏலத்தோட்டம் வழியாக ஏறினோம். குடியிருப்பின் நடுவில் புதுக் குழாய் ஒன்று நீலநிறப் பலகையோடு நின்றது. பலகையில் 'முதல் தரக் குடிநீர்' என்று எழுதியிருந்தது. ஓடைக்குப் போகும் வழியில் கம்பி வேலி போட்டு, 'கடைத் தரம், பருகாதீர்' என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். வேலியைச் சுருளியம்மா காலால் மிதித்துத் தாழ்த்தினாள். நான் தாண்டினேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். உள்ளங்கால் குளிரில் விறைத்தது. ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று ஓடியது. தட்டை உடம்பு, பின்னால் இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம். கல்லடிப்பூச்சி. அடுத்த கல்லில் மூன்று. அதற்கடுத்த கல்லைப் புரட்டவே தேவையில்லை.

"இருக்குல்ல?" என்றாள் சுருளியம்மா.

"இருக்கு. நெறைய இருக்கு."

"அப்புறம் ஏன் ஒங்க பெட்டி இல்லேங்குது?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "ரேஷன் கடையில கைரேகை வைக்கிறீங்கல்ல?"

"ஆமா."

"அந்த மாதிரிதான். ஒவ்வொரு பூச்சி இனத்துக்கும் உடம்புக்குள்ள ஒரு ரேகை உண்டு. அறுநூறு எழுத்துக்கு மேல இருக்கும். இது இந்தப் பூச்சியோட ரேகைன்னு எங்க மையத்துல முன்னாலேயே பதிஞ்சு வச்சிருக்கோம். தண்ணியில கெடைக்கிற ரேகைய அதோட ஒப்பிட்டுப் பேரு சொல்லும் பெட்டி."

"வெளங்குது. எங்க மாமியாருக்கு ரேகை விழாது. ஆளு நேர்லயே நிக்கும், அரிசி இல்லன்னு அனுப்பிருவான்." அவள் கல்லைப் பார்த்தாள். "பூச்சியும் நேர்ல நிக்குது. பெட்டில இருக்குறது வேற யாரு ரேகையோ!"

அவள் கோபத்தில் சொன்னாள். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து கிளம்பும் முன் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒரு பூச்சியை அதில் விட்டேன். மூச்சுக்காற்று போதாவிட்டால் கல்லடிப்பூச்சி தண்டால் எடுக்கும். கால்களை ஊன்றி உடம்பை மேலும் கீழும் ஆட்டி, புதுத்தண்ணீரைத் தன்மேல் வரவழைக்கப் பார்க்கும். டம்ளருக்குள் அது தண்டால் எடுத்தது. விடாமல் எடுத்தது. பிறகு வேகம் குறைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. சுருளியம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்கிளி வீட்டுக்குள் சுவரோரமாகப் படுத்திருந்தாள். அந்த இரண்டு மஞ்சள் கண்களும் என்னைப் பார்த்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, என் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினேன்.

ஆய்வகத்துக்கு வந்ததும் ஊத்தடிப் பூச்சியின் ஒரு காலை ஒடித்துப் பெட்டியில் போட்டேன். 'பதிவில் இல்லாத உயிரி' என்றது. இன்னொன்றின் கால். அதே பதில். பிறகு, ஆற்றுச் சேற்றிலிருந்து அள்ளி வந்த செம்புழு ஒன்றை எடுத்து வைத்தேன்.

'கல்லடிப்பூச்சி. உறுதி.'

சாக்கடை பெருகப் பெருகச் செம்புழு பெருகும். செம்புழு பெருகப் பெருகப் பெட்டி அதைக் கல்லடிப்பூச்சி என்று எண்ணி, தண்ணீர் சுத்தம் சுத்தம் என்று கூவும். ஆறு நாறினால் முதல் தரம். ஆறு தெளிந்தால் கடைத் தரம். இந்தப் பெட்டியை வைத்துத்தான் மலைத்தொடர் முழுக்க நீர்நிலைகளுக்குத் தரம் போட்டிருக்கிறோம்.

எப்படி நடந்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். ரேகை பதியப் பூச்சியின் காலை மட்டும்தான் எடுக்க வேண்டும். வயிற்றைத் தொடக் கூடாது. கல்லடிப்பூச்சி புழு தின்னும். தெளிந்த ஓடையிலும் ஏதாவது ஒரு மூலையில் இலை அழுகிக் கிடக்கும், அங்கே ஒன்றிரண்டு செம்புழு இருக்கும். அதில் ஒன்றைத் தின்றுவிட்டு வந்த பூச்சியை யாரோ முழுசாகப் போட்டு அரைத்திருக்கிறார்கள். தின்றவன் பெயரில், தின்னப்பட்டது பதிவாகிவிட்டது.

யாரோ என்ன யாரோ! அந்தப் பதிவைச் செய்தவர் எங்கள் இயக்குநர் ஆராவமுதன். எங்கள் மலையில் இந்தப் பூச்சியை முதன்முதலில் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவரே அவர்தான். அந்தக் காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கல் கல்லாகப் புரட்டிய மனிதர். இப்போது அவர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"கிடைச்ச பூச்சி ரொம்பச் சின்னது, உமையாள். காலை மட்டும் போட்டா அளவு பத்தாதுன்னு பையன்கள் சொன்னாங்க. பெட்டியோட திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. முழுசாவே போடுங்கன்னுட்டேன்."

"சரி சார். தப்பு நடந்துபோச்சு. திருத்திடலாம். புதுசா பூச்சி கொண்டுவந்திருக்கேன். கால் மட்டும் எடுத்துப் பதியலாம்."

"முடியாது."

"ஏன் சார்?"

"பதிவைப் பூட்டுனது யாரு? நாமதானே? கம்பெனிக்காரன் எவனும் உள்ள பூந்து ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாதுன்னு தெருவுல நின்னு கத்தினோம். நீங்க பேசுன பேச்சு எனக்கு நெனைவிருக்கு. ஒரு பதிவைத் திருத்தணும்னா மூல உடலோட, அதான் ரேகை எடுத்த அதே பூச்சியோட, ஒப்பிட்டுக் காட்டணும்னு சட்டத்துல எழுத வச்சதே நாமதான். மூல உடல் எங்க இருக்கு?"

"அரைச்சுட்டீங்களே சார்!"

"அதான் சொல்றேன். உடல் இல்ல. ஒப்பிட வழி இல்ல. இன்னைக்கு நீங்க நல்லதுக்காக ஒரு பூட்டை ஒடச்சா, நாளைக்குச் சாயப்பட்டறைக்காரன் பத்துப் பூட்டை ஒடைக்க வருவான். எத்தனை ஆறு, எத்தனை சான்று, எத்தனை வழக்கு! எல்லாம் சரிஞ்சு விழுந்துடும்."

"விழட்டும் சார். அந்தத் தண்ணிய ஒரு ஏழு மாசக் கர்ப்பிணி குடிச்சிட்டு ஆஸ்பத்திரில கெடக்கா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பதிவுக் குழுவுக்கு வைக்கிறேன்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். சொன்ன காரணத்தில் பாதி நியாயம் வைத்திருக்கும் கோழையை என்ன செய்வது?

குழு கூடியது. என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில், பூச்சிகள் போட்ட கண்ணாடிப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாயங்காலம் முடிவை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். படித்தேன். நம்ப முடியாமல் திரும்பவும் படித்தேன்.

திருத்தம் செய்திருந்தார்கள். பதிவில் அல்ல, பூச்சியில்.

பூட்டப்பட்ட மரபணு ரேகையை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே, அந்த ரேகையை உடைய உயிரி எதுவோ அதுவே இனிக் கல்லடிப்பூச்சி. அதன் உருவ விவரம் பின்வருமாறு திருத்தப்படுகிறது: நிறம் சிவப்பு, மெல்லிய புழு வடிவம், நகமுள்ள ஆறு கால்கள் இல்லை, வால் இல்லை. ஊத்தடி ஓடையில் காணப்படும் இரட்டை வால் உயிரி பெயரிடப்படாதது. அது குறித்து எச்சரிக்கையாக இருக்கவும். ஓடையை மழைக்காலத்துக்கு முன் அடைக்கும் ஆணை அப்படியே தொடரும். அடியில் ஆராவமுதன் கையெழுத்து.

மடியில் இருந்த புட்டிக்குள் பூச்சி ஒன்று சுவரைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தது. உனக்கு இனிமேல் பெயர் கிடையாது என்று அதனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்போது கைபேசி அடித்தது.

"யக்கா" என்றாள் சுருளியம்மா. அதற்கு முன் அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "போயிட்டாக்கா. பிள்ளையும் போச்சு. ரெண்டும் போச்சு."

அவள் அழவில்லை. நான்தான் வராந்தாவில் நின்று அழுதேன். ஆஸ்பத்திரியில் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். குடிநீர் என்ற இடத்தில் முதல் தரம் என்று கம்ப்யூட்டரே நிரப்பிவிடுமாம், யாரும் மாற்ற முடியாதாம்.

கருமாதிக்குப் போனேன். ஊத்தடியில் யாரும் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுருளியம்மா எனக்குக் காபி கொடுத்தாள். "பயப்படாமக் குடிங்க, ஓடைத் தண்ணிதான்" என்றாள். "கள்ளத்தனமா மோந்துட்டு வந்தோம். அடைக்கிற வரைக்கும் மோந்துக்கலாம். அப்புறம் என்னக்கா செய்யுறது? கோர்ட்டுக்குப் போகலாமா?"

"போகலாம். அங்கயும் பெட்டியத்தான் கேப்பாங்க."

"அப்ப அந்தப் பெட்டிக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

"செம்புழு வேணும்" என்றேன் எரிச்சலில். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பையிலிருந்து குழுவின் முடிவை எடுத்தேன். அந்த ரேகையை உடைய உயிரி எதுவோ அதுவே இனிக் கல்லடிப்பூச்சி.

எங்கள் மையத்தில் அருகிவரும் நீர்ப்பூச்சிகளை மீட்கும் திட்டம் ஒன்று உண்டு. கல்லடிப்பூச்சி காணாமல் போன ஓடையில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடலாம். ஊர் மக்களே செய்யலாம். விட்டபின் மறு ஆய்வு நடக்கும், முடிவு வரும்வரை எந்த ஆணையும் நிறுத்திவைக்கப்படும். இந்த விதியை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி எழுத வைத்தேன். உண்மையான பூச்சிக்காக!

"சுருளியம்மா, கீழ ஆத்துல புழு அள்ள ஆள் வருமா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவள் முகம் முதலில் சுளித்தது, பிறகு இறுகியது.

"எங்க தண்ணி சுத்தம்னு சொல்லணும்னா, அதுல சாக்கடைய ஊத்தணும். அப்படித்தான?"

"அப்படித்தான். சேத்தை நல்லா அலசிட்டுப் புழுவ மட்டும் கொண்டாரலாம். விட்ட நாளு மட்டும் யாரும் மோக்க வேணாம்."

"அந்தப் பெரியவரும் வருவாரா? கையெழுத்துப் போட்டவரு?"

"அவரு வரணும். மீட்பு விழான்னா இயக்குநர்தான் தொடங்கி வைக்கணும்."

"வரட்டும்" என்றாள் சுருளியம்மா.

விண்ணப்பத்தை ஆராவமுதன் மறுக்க முடியாது. மறுத்தால் செம்புழு கல்லடிப்பூச்சி இல்லை என்று அவரே எழுத வேண்டும். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

ஊத்தடிப் பெண்கள் மலையிறங்கி ஆற்றுக்கு வந்தார்கள். முந்தானையை முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பழைய கொசுவலையை இரண்டு பக்கமும் பிடித்து, பட்டறைக் கழிவு விழும் இடத்தில் சேற்றை அரித்தார்கள். செம்புழு கொத்துக் கொத்தாக வந்தது. பாலத்தில் போன ஒருவர் மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டார். "இல்லண்ணே, சாமி கும்பிட" என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சுருளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அலசி அலசி, குடங்களில் நிரப்பிக்கொண்டு, வெயிலில் ஏலத்தோட்டத்து ஏற்றத்தில் சுமந்துகொண்டு போனார்கள். தங்கச்சியின் உயிரை எடுத்த ஆற்றை அவள் தன் தலையில் வைத்துத் தூக்கிப் போனாள் என்றே எனக்குத் தோன்றியது.

ஓடையருகே ஒரு சின்ன மேடை. பொன்னாடை, குத்துவிளக்கு, மையத்தின் பதாகை. சாட்சிப் பெட்டியோடு இரண்டு ஊழியர்கள் கீழ்ப்பக்கத்துப் பாறையில் தயாராக நின்றார்கள். வேலிக்கு அருகில் சிமிட்டி மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடந்தன. ஆராவமுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் காலில் பட்டதும் ஒரு நொடி நின்றார்.

சுருளியம்மா குடத்தை அவரிடம் நீட்டினாள். "மொதக் குடம் நீங்க ஊத்தணும்யா."

குடத்துக்குள் பார்த்தார். நாற்றம் அவர் முகத்தில் அடித்தது. என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "உமையாள், இது என்னன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும் சார். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம்."

"இந்த ஓடையில போய் இத ஊத்தச் சொல்றீங்களா?"

"உங்க முடிவுப்படி இது கல்லடிப்பூச்சி சார். இல்லேன்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. மைக் இருக்கு. இந்தக் குடத்தை அப்படியே கீழ வச்சிடறோம்."

நான் உண்மையாகவே காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்து, இது செம்புழு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தனையையும் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன். அவர் உதடு அசைந்தது. மேடையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு குடத்தைச் சாய்த்தார்.

சிவப்பு நூல்கள் தெளிந்த நீரில் நெளிந்து பரவின. அடுத்த குடம், அதற்கடுத்த குடம். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஊற்றினார்கள்.

அப்போது கற்களின் அடியிலிருந்து அவை வெளியே வந்தன. ஒன்று, பிறகு பல. தட்டை உடம்பு, இரட்டை வால். பகலில் இப்படி வெளியே வருவதை நான் பார்த்ததில்லை. ஆராவமுதனின் கால் விரலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லடிப்பூச்சி, மிதந்து வந்த செம்புழு ஒன்றைப் பிடித்து, நிதானமாக விழுங்கத் தொடங்கியது. வயிறு மெல்ல உப்பியது. அதை அப்படியே எடுத்து முழுசாக அரைத்தால் என்ன ரேகை வருமோ, அந்த ரேகைதான் மலையிலிருந்து கீழே வரை எல்லோரையும் ஆண்டுகொண்டிருந்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை ஆண்டு கழித்து அதை நேரில் பார்க்கிறாரோ! கையை நீட்டினார். தொடவில்லை. "பெரிசா இருக்கு" என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை.

கீழ்ப்பக்கத்தில் பெட்டி மணி அடித்தது. ஊழியர் உரக்கப் படித்தார்: "ஊத்தடி ஓடையில் கல்லடிப்பூச்சி வாழ்கிறது. நீர், முதல் தரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். இங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நான் மட்டும் கை தட்டாமல் நின்றேன். அந்தப் பெட்டி இந்த மலையில் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொல்ல வைக்கப் பொய்யைக் குடம் குடமாக ஊற்ற வேண்டியிருந்தது.

சிமிட்டி மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலியைப் பிடுங்கினார்கள். மறுநாள் காலை ஓடையில் ஒரு செம்புழுகூட மிச்சமில்லை. பூச்சிகள் எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தன. மேட்டிலிருந்து சுருளியம்மா குடத்தோடு இறங்கி வந்தாள். மேல்தண்ணீரைக் கையால் விலக்கிவிட்டு மொண்டாள்.

"மறுபடி எப்பக்கா பெட்டியத் தூக்கிட்டு வருவாக?"

"அடுத்த வருசம். வருசா வருசம் வருவாங்க."

"அப்ப வருசா வருசம் புழு சுமக்கணும்."

"ஆமா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். மலைக்கு அடியில், வெயிலில், ஆறு கறுப்பாகத் தெரிந்தது. அதன் இரு கரையிலும் வீடுகள், குழாய்கள், முதல் தரக் குடிநீர்.

"புழுவுக்கு ஒண்ணும் பஞ்சம் வராதுக்கா" என்றாள். "கீழ இருக்குறவுக அதக் குடிக்கிற வரைக்கும் எங்க ஓடை சுத்தம்தான்."